எழுதினவர் வாங்கினாரா?

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே வார்த்தை போதும்: நாணயம். 'அவர் ரொம்ப நாணயமானவர்' என்று சொன்னால், சட்டைப் பையில் சில்லறை குலுங்கும் ஆசாமி என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை. பட்டிமன்றப் பேச்சாளர்கள் இதையே 'நா நயம்' என்று பிரித்துப் போட்டு ஒரு கைதட்டலும் வாங்கிவிடுவார்கள். இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கிடையாது. அவனுக்குக் காசு தனி, நேர்மை தனி.

2005-ல் விகடன் குழுமம் முதலீட்டுக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்து அதற்கு 'நாணயம் விகடன்' என்று பெயர் வைத்தது. கெட்டிக்காரத்தனமான பெயர். கூடவே கொஞ்சம் வம்பான பெயரும்கூட. 'உங்கள் காசைப் பற்றிச் சொல்கிறேன்' என்பது ஒரு வாக்குறுதி. 'நேர்மையாகச் சொல்கிறேன்' என்பது இன்னொரு வாக்குறுதி. ஒரே வார்த்தையில் இரண்டையும் கொடுத்துவிட்டால் அப்புறம் ஒன்றை மட்டும் காப்பாற்றித் தப்பிக்க முடியாது.

அந்தக் காலகட்டம் ஞாபகம் இருக்கிறதா? தேசியப் பங்குச்சந்தை 1994-ல் கம்ப்யூட்டரில் வியாபாரத்தைத் தொடங்கியிருந்தது. 1996-ல் டீமேட் வந்து, பங்குப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் வேலை ஒழிந்தது. அதுவரை மும்பை தலால் தெருக்காரர்களுக்கும் சென்னையில் சில பார்க்கர் பேனா மாமாக்களுக்கும் மட்டுமே புரிந்த விஷயம், சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடிப்படி ஏறிப்போனால் கிடைக்கும் சரக்காக மாறியது. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' புத்தகக் கடைகளில் அடுக்கியிருந்தது. 2006 பிப்ரவரியில் சென்செக்ஸ் 10,000 தொட்டது. 2008 ஜனவரியில் 21,000. அதே அக்டோபரில் 8,000-க்குக் கீழே. மாதம் இருமுறையாகத் தொடங்கிய பத்திரிகை பிற்பாடு வார இதழாக மாறியதில் ஆச்சரியமில்லை. சந்தை தினம் தினம் ஆடும்போது ஜனங்கள் பதினைந்து நாள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆனால், வார இதழ் என்ற வடிவத்திலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. நல்ல முதலீட்டு யோசனை என்று பார்த்தால் மொத்தம் நாலு வாக்கியம்தான். வருமானத்துக்குள் செலவு பண்ணு. இன்ஷூரன்ஸ் எடு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே. பொறுமையாக இரு. இந்த நாலையும் வருஷத்துக்கு 52 தடவை அட்டைப்படமாகப் போட முடியுமா? முடியாது. ஆக, வாரா வாரம் புதிதாக வாங்குவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். வாசகனும் அதைத்தான் கேட்கிறான். 'பொறுமையாக இரு' என்பதற்கு யாரும் சந்தா கட்டுவதில்லை.

கச்சிராயபாளையத்தில் ஒரு சலூன். சில வருஷங்களுக்கு முன் கோமுகி அணையைப் பார்க்கப் போனபோது அங்கே ஷேவிங்குக்கு உட்கார்ந்தேன். கல்வராயன் மலை அடிவாரம், சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும். பெஞ்சில் சினிமா பத்திரிகைகளுக்கு நடுவில் முதலீட்டு வார இதழ்கள் ஏழெட்டு. எந்த இதழ் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பழசு. அதில் 'வாங்கலாம்' என்று போட்டிருந்த ஒவ்வொரு பங்குக்குப் பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவால் டிக் அல்லது பெருக்கல் குறி.

"பழசையெல்லாம் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

"பழசானாத்தான் சார் படிக்கணும்" என்றார் கடைக்காரர். "ஏறும்னு எழுதுனது ஏறுச்சா எறங்குச்சான்னு அப்பத்தானே தெரியும்?"

"எப்படி இருக்கு மார்க்?"

"பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் பாத்தாலும் அதானே சார் வரும்?"

அடுத்த நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏறுனா எறங்குனா அது கெடக்கட்டும்யா. எழுதுனவரு வாங்குனாரா? அதச் சொல்லு மொதல்ல."

அவர் கரும்பு போடுகிறவர். 'ஷேர் எல்லாம் உங்களுக்குப் பழக்கமா?' என்று கேட்டேன், பட்டணத்துத் திமிரோடு. "நான் பங்குதாரர்ங்க" என்றார். உண்மைதான். கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது அந்த ஊரில். கூட்டுறவு ஆலை என்றால் கரும்பு போடுகிறவர் அங்கத்தினர், அங்கத்தினர் என்றால் பங்குதாரர். அந்தப் பங்குக்கு மும்பையில் விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒரு கூட்டுறவு ஆலை நன்றாக ஓடும் என்று கூட்டத்தில் எழுந்து பேசுகிற டைரக்டரும் கரும்பு வைத்திருக்கிறவர்தான். கட்டிங் ஆர்டர் வராவிட்டால் அவர் வயலிலும் காயும். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு அது. அதில் பழகியவருக்கு, வண்டியில் ஏறாமலே வழி சொல்கிறவர் மேல் சந்தேகம் வருவது இயல்பு.

இந்தக் கேள்வியை அவருக்கு முன்பே, 1920-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். க்ளாரன்ஸ் பாரன் என்று பெயர். தாடி வைத்த, ரொம்பப் பருமனான மனிதர். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையை வெளியிடும் டௌ ஜோன்ஸ் கம்பெனியை நடத்திவந்தவர். அப்போது பாஸ்டனில் சார்லஸ் போன்ஸி என்ற இத்தாலியர், 45 நாளில் 50 சதவிகித லாபம் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாட்டில் தபால் கூப்பனை மலிவாக வாங்கி, இன்னொரு நாட்டில் கூடுதல் விலைக்கு ஸ்டாம்பாக மாற்றுவது தன் தொழில் என்றார். ஊரே வரிசையில் நின்றது. பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை பாரனிடம் போய், 'இது சாத்தியமா?' என்று கேட்டது.

பாரன் ஆரூடம் எதுவும் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தார். போன்ஸி வாங்கிய பணத்துக்கு ஈடாக 16 கோடி கூப்பன் புழங்க வேண்டும். உண்மையில் புழங்கியது சுமார் 27,000. அடுத்து, நம் கச்சிராயபாளையத்துப் பெரியவர் கேட்ட அதே விஷயத்தைத் தொட்டார். 50 சதவிகிதம் கிடைக்கும் என்கிற மனிதர் தன் சொந்தப் பணத்தை ஏன் அதில் போடாமல் வேறு இடங்களில் போட்டு வைத்திருக்கிறார்?

செய்தி வந்ததும் கூட்டம் போன்ஸியின் ஆபீஸ் வாசலில் முட்டியது. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? கூட்டத்துக்குக் காபியும் டோநட்டும் கொடுத்தார். மூன்று நாளில் 20 லட்சம் டாலர் பட்டுவாடா செய்தார். வரிசையில் நின்றவர்களில் பல பேர் மனசு மாறி, பணத்தை வாங்காமலே வீட்டுக்குப் போனார்கள். 'கேட்டவுடன் கொடுக்கிறாரே, எவ்வளவு நாணயஸ்தர்!' என்று. ஆகஸ்டில் போன்ஸி கைதானார். பாஸ்டன் போஸ்ட்டுக்கு 1921-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே 1921-ல் பாரன் தன் பெயரிலேயே ஒரு முதலீட்டு வார இதழைத் தொடங்கினார். 'பாரன்ஸ்' இன்றும் வருகிறது.

நம் ஊரிலும் கூப்பன் கணக்குப் போட யாராவது இருந்திருக்கலாம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது, அதில் பணம் போட்டவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் இல்லை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு கொடுத்து, மாதாமாதம் வளர்ப்புக் கூலியும் தருவதாகச் சொன்னார்கள். டி.வி.யிலும் பத்திரிகைகளிலும் விளம்பரம் வந்தது, சினிமா முகங்கள் சிரித்தன. நம் தமிழ்நாட்டில் ஈமு கறி சாப்பிட்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கேட்க வேண்டியிருந்தது அந்த ஒரே கேள்விதான். கம்பெனி கவிழ்ந்த பிறகு தீனி இல்லாமல் நின்ற பறவைகளுக்குச் சர்க்கார் தீனி போட வேண்டி வந்தது. 1998-ல் தேக்கு மரம், 2012-ல் ஈமு, 2022-ல் ஆருத்ரா. கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்பது போலீஸ் கணக்கு. டெபாசிட்தாரர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம், பணம் போன பிறகு வருகிற விருந்தாளி.

மோசடிக்காரர்களை விடுங்கள். அவர்கள் விஷயத்தில் தர்ம நியாயம் சுலபம். என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது வேறு ஒரு ஆசாமி.

பாரன் நடத்திய அதே டௌ ஜோன்ஸ் கம்பெனியின் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில், 1980-களின் தொடக்கத்தில் ஃபாஸ்டர் வினன்ஸ் என்பவர் ஒரு பங்குச்சந்தைப் பத்தி எழுதிவந்தார். அதில் ஒரு கம்பெனியைப் பற்றி நல்லதாக வந்தால் மறுநாள் விலை ஏறும், கெட்டதாக வந்தால் இறங்கும். வினன்ஸ், நாளைக்கு என்ன வரப்போகிறது என்பதை முதல் நாளே ஒரு புரோக்கரிடம் சொல்லிவிடுவார். புரோக்கர் கோஷ்டி சம்பாதித்தது சுமார் 6,90,000 டாலர். வினன்ஸுக்குக் கிடைத்தது 31,000 சொச்சம். (குற்றத்தில்கூட எழுத்தாளனுக்குக் கிடைப்பது ராயல்டி அளவுதான் என்று ஒரு நண்பர் சொன்னார்.) 1985-ல் தண்டனை. வழக்கு 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போனது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் பத்தியில் பொய் எழுதியதாக யாரும் சொல்லவில்லை. பத்தியின் தரத்தைக் கெடுப்பதில்லை என்பதுகூட அவர்களுக்குள் ஒப்பந்தம். எழுதிய ஒவ்வொரு வரியும், இந்த ஏற்பாடே இல்லாவிட்டாலும் அவர் எழுதியிருக்கக் கூடிய வரிதான். அப்படியானால், காலையில் காபியோடு அதைப் படித்த வாசகருக்கு என்ன நஷ்டம்? உண்மையைத்தானே படித்தார்?

கோர்ட்டே இதில் கொஞ்சம் திண்டாடியது. பங்குச்சந்தை மோசடி என்ற பிரிவில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்துபோனார்கள். எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டது வேறொரு காரணத்தை: வெளிவராத கட்டுரை என்பது பத்திரிகையின் சொத்து, அதை வினன்ஸ் களவாடினார். அதாவது, பறிகொடுத்தது பத்திரிகை முதலாளி. வாசகர் அந்தக் கணக்கிலேயே இல்லை!

எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. முதலாளியே 'பரவாயில்லை, சொல்லிக்கொள்' என்று அனுமதி கொடுத்திருந்தால் வினன்ஸ் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது என்று நம் எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிகிறது. ஏன் என்றுதான் சொல்ல வரவில்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். வாசகர் தன்னை யோசனை கேட்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால், எழுதுகிறவர் பார்வையில் அவர் வேறு ஆள். புரோக்கர் நேற்று வாங்கிய சரக்கை இன்றைக்குக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்ளப் போகிற கடைசி ஆள். வாசகர் வாங்கினால்தான் அவர்கள் விற்க முடியும். மனிதரை வெறும் உபகரணமாக நடத்தக் கூடாது என்று ஜெர்மன் தத்துவ ஆசிரியர் கான்ட் 1785-ல் எழுதி வைத்தார். படிக்கக் கடினமான ஆசாமி. வினன்ஸின் பத்தியை வைத்துப் படித்தால் சட்டென்று புரியும். பொய்யே சொல்லாமல் ஒருவரை உபகரணமாக்க முடியும்.

இது அமெரிக்க வியாதி மட்டுமல்ல. 2000-ல் லண்டன் டெய்லி மிரர் பத்திரிகையின் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' பத்திக்காரர்கள் தாங்கள் முன்கூட்டியே வாங்கிய பங்குகளையே வாசகர்களுக்குப் பரிந்துரைத்தது அம்பலமானது. அதில் ஒருவர் 2006-ல் ஜெயிலுக்குப் போனார். நம் நாட்டில் 2021 ஜனவரியில், ஒரு இந்தி வர்த்தகச் சேனல் தொகுப்பாளர் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. அவர் டி.வி.யில் சொல்வதற்கு முந்தின நாளே குடும்பத்தார் கணக்கில் வாங்கி, மறுநாள் விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. யூடியூப், டெலிகிராம் காலத்தில் இது கைத்தொழிலே ஆகிவிட்டது. 'இந்தப் பங்கு ரெண்டு மடங்காகும்' என்று சொல்கிற தம்பி வாடகைக் காருக்கு முன்னால் நின்று சொல்கிறார்.

சரி, அப்படியானால் பெரியவர் கேட்டபடி, எழுதுகிறவர் வாங்கியே ஆக வேண்டுமா?

இங்கேதான் சிக்கல். வாங்கியவர் எழுதினால், தன் காக்கையைப் பொன் காக்கை என்பார். வாங்காதவர் எழுதினால், கை சுத்தம்தான். ஆனால் நஷ்டம் வந்தால் அவருக்குக் கடிக்காது. கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. நிறைய பத்திரிகைகள் 'எழுதும் பங்கை வைத்திருக்கக் கூடாது' என்றுதான் விதி வைத்திருக்கின்றன. டாக்டர், தான் எழுதிக் கொடுக்கும் மாத்திரையைத் தானும் விழுங்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே. மருந்துக்கடையில் கமிஷன் வாங்குகிறாரா என்றுதான் கேட்கிறோம். ஆராய்ச்சி அறிக்கை எழுதுகிறவர்களுக்கு 2014-ல் செபி போட்ட விதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வைத்திருந்தால் சொல்லிவிடு. அறிக்கைக்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் அந்தப் பங்கில் கை வைக்காதே.

அதனால், பெரியவர் கேள்வியோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். வாங்கினாரா? சரி, எப்போது விற்பார்? கூட்டுறவுப் பங்கில் இந்த இரண்டாவது கேள்விக்கு இடமில்லை. அதை வாங்கி மறுநாள் விற்று ஓட முடியாது. சந்தைப் பங்கில் எல்லாமே அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

சலூன்காரரின் டிக் கணக்கையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். 'பாரன்ஸ்' இதழ் 1999 மே 31 அன்று 'அமேசான்.பாம்' என்று அட்டைப்படம் போட்டது. அமேசான் தேறாது, பெரிய கடைகள் அதை விழுங்கிவிடும் என்று கட்டுரை. அடுத்த இரண்டு வருஷத்தில் அந்தப் பங்கு 90 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது. டிக்! 2018-ல் கம்பெனியின் மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. பெருக்கல் குறி! எந்த வருஷத்தில் பேனாவை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது மார்க். ஆனால் அந்தக் கட்டுரை நாணயமாக எழுதப்பட்டதா என்ற கேள்விக்கு இரண்டு வருஷத்திலும் ஒரே பதில்தான். அவர்கள் கணக்கைக் காட்டினார்கள், கணக்கு தப்பாக இருந்தது. தப்பாகச் சொல்கிறவர் எல்லாம் நாணயம் கெட்டவர் இல்லை. வினன்ஸைப் பாருங்கள், சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே இதழ் 2001 மே மாதம் இன்னொரு கட்டுரை போட்டது. எரின் ஆர்வெட்லண்ட் என்ற பெண் நிருபர் எழுதியது. பெர்னார்ட் மேடாஃப் என்கிற பெரிய மனிதர் ஏறும் சந்தையிலும் இறங்கும் சந்தையிலும் வருஷா வருஷம் ஒரே சீராக லாபம் தருகிறாரே, எப்படி? பணம் போட்டவர்களையே அதைப் பற்றி வெளியில் பேசாதே என்கிறாராமே, ஏன்? டிப்ஸ் இல்லை. வாங்கு, விற்காதே இல்லை. பாரன் 1920-ல் கேட்ட மாதிரி வெறும் கேள்விகள். மேடாஃப் கைதானது 2008 டிசம்பர் 11. அன்றைக்கு அவர் கணக்குப் புத்தகத்தில் வாடிக்கையாளர் பணமாகக் காட்டியிருந்த தொகை சுமார் 6,500 கோடி டாலர். பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. கட்டுரைக்கும் கைதுக்கும் இடையில் ஏழரை வருஷம். ஏறக்குறைய 400 வாரம். 400 இதழ்களையும் ஜனங்கள் வாங்கினார்கள், அடுத்து எது ஏறும் என்ற பக்கத்தைத் தேடி.

வாசகர்கள் மீது பழி போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். விற்கிறவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் இருப்பு நிலவரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு எல்.ஐ.சி. பாலிசி. இரண்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. வீட்டுக்காரம்மா பெயரில் இருபது மாத ஏலச்சீட்டு ஒன்று, ஐந்தாவது மாதம் ஓடுகிறது, இன்னும் எடுக்கவில்லை. மேலே சொன்ன எந்தக் கம்பெனியிலும் நேரடியாகப் பங்கு கிடையாது. ஃபண்டுக்குள் அமேசான் இருக்கிறதா என்பது அடுத்த மாத ஃபேக்ட்ஷீட் வந்தால் தெரியும்.